ஒரு ஆள் தண்ணீர்

என் தங்கையின் தோளுக்காக வாங்கிய தொட்டி அது. யார் யார் தோளோ அதில் நனைந்தது, அவள் தோளைத் தவிர. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், சொல்லாமல் விடுவதாக இல்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரி எந்திரத்தில் பரப்பி, மேல்மூடியை இழுத்து அழுத்தி, மறுபடி தூக்கிவிட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதேதான். இழுத்து இழுத்து வலது தோள் இறுகிப்போனது. தலை சீவக்கூடக் கை எட்டவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் அக்கா நான்தான் காலையில் போய்ப் பின்னிவிட்டு வருகிறேன். எலும்பு டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அவள் கத்துவதையும் கேட்டார். தினமும் தோள் முழுகும்படி வெந்நீரில் உட்கார வேண்டும், தண்ணீர் பீய்ச்சி அடித்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அவளுக்கு அந்த வேலை உயிர். எந்திரத்தடியில் நின்று பாட்டு முணுமுணுப்பவள் அவள் ஒருத்திதான்.

அப்படித்தான் அந்த ஹாட் டப், நாலைந்து பேர் சேர்ந்து உட்காரும் வெந்நீர்த் தொட்டி, அவர்கள் வீட்டுக்கு வந்தது. வீடு மாறிப் போகிற ஒரு குடும்பத்திடமிருந்து அவளும் அவள் கணவரும் வாங்கினார்கள். சமையலறைக்குப் பின்னால் மரப்பலகைத் தளத்தில் வைத்து, மாப்பிள்ளையே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேய்த்துக் கழுவினார். அதை நான் மறுக்கவில்லை. தோள் படும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சும் துளைகள் ஒரு வரிசை இருந்தன. "இது உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று அவளிடம் சொன்னதும் அவர்தான்.

மாப்பிள்ளை ஒரு மேசை நாற்காலிக் கடையில் விற்பனையாளர். கடையில் சொல்கிற 'வாங்க'வை வீட்டிலும் வழியிலும் சொல்லிக்கொண்டே இருப்பார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூட வீட்டுக்கு அழைத்திருக்கிறார், அந்த மனிதர் குடும்பத்தோடு வந்தும் நின்றிருக்கிறார். அவருக்கு நான் வைத்த பெயரே 'வாங்க'தான். தொட்டி வந்த பிறகு அந்த வாங்கவோடு இன்னொன்றும் சேர்ந்தது: மாற்றுத் துணி எடுத்துட்டு வாங்க.

முதல் கூட்டம் கடை நண்பர்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தார். தடியான ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்க, வெந்நீர் நாலு பக்கமும் வழிந்து, பலகைத் தளத்தைத் தாண்டி, சமையலறைக் கதவுக்கு அடியில் புகுந்து அரிசி மூட்டையை நனைத்தது. அவர்கள் எழுந்து போனதும் தண்ணீர் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாய் வெளியே தெரிய, காற்றை உறிஞ்சி அலறிவிட்டு நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர், ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் உட்கார்ந்தால் அதுவாக ஏறும், ஆனால் இந்த வாய்க்குக் கீழே மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல யோசனைதான். அதை மாப்பிள்ளை பிடித்துக்கொண்ட பிடிதான் பிடி. உறிஞ்சும் வாய்க்குச் சற்று மேலே நீலநிற டேப் ஒன்றை ஒட்டினார். ஆள் வந்தால் தண்ணீர் அந்த டேப் வரைதான் இருக்க வேண்டும் என்பது சட்டமானது. பிறகு, எப்படியும் யாராவது வரத்தானே போகிறார்கள், எதற்கு மொண்டு ஊற்றி மறுபடி நிரப்பிச் சூடாக்கி அவதிப்பட வேண்டும் என்று, தினமும் அதுவே அளவு என்றார்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டேப் அளவுக்குத் தண்ணீர் இருந்தால், ஒற்றை ஆளாக உட்காரும் என் தங்கைக்கு அது அக்குள் வரைதான் வரும். தோளுக்கான துளைகள் நாலு விரல் மேலே, வெளியே நிற்கும். பம்ப்பைப் போட்டால் அந்தத் துளைகள் சுவரில் பீய்ச்சும், அவள் முகத்தில் பீய்ச்சும். அதற்கும் வழி கண்டுபிடித்தார் மகராசன்: அவற்றைத் திருகி மூடிவிட்டார். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து தண்ணீர் ஏறியதும் அவரே கையை விட்டுத் திறந்துவிடுவார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, தோளுக்கு என்ன சுகம்" என்பார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

இவளோ வாயில்லாப் பூச்சி. வேலை முடிந்து வந்து, தோளை நனைக்க வேண்டுமே என்று காலை மடக்கிக் கழுத்தைச் சாய்த்துச் சரிந்து கிடப்பாள். அதில் கழுத்தும் பிடித்துக்கொண்டது. இதில் இன்னொரு கூத்து, வருகிறவர்களின் பருமனைப் பார்த்துத் தண்ணீரைச் சரிசெய்யும் பொறுப்பும் அவள் தலையில்தான். வாசலில் நின்று வரவேற்கும்போதே ஆளை மேலும் கீழும் அளந்து, அகலமானவர் என்றால் பின்பக்கம் ஓடிப்போய் இன்னும் ஒரு வாளி மொண்டு வெளியே கொட்டுவாள். ஒல்லியானவர்கள் என்றால் ஒரு வாளி அதிகமாக ஊற்றுவாள். தன் புடவையைத்தான் இவள் அப்படி ரசிக்கிறாள் என்று நினைத்து ஒரு அம்மாள் அடுத்த முறை இன்னும் பளபளப்பாகக் கட்டிக்கொண்டு வந்தாள். எல்லா வாளியும் அந்த வலிக்கிற கையால் தூக்கியதுதான்.

அவள் உட்காரும்போது நிரப்பிவிட்டு, ஆள் வந்தால் மொண்டு குறைத்தால் என்ன என்று நான் மாப்பிள்ளையிடம் கேட்காமல் இல்லை. விருந்தாளிகளின் முன்னால் வாளியும் கையுமாக நின்று தண்ணீர் இறைத்தால் நாகரிகமாகவா இருக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சரி, கூட்டத்தோடு அவளும் உட்காரட்டும், அப்போதாவது தண்ணீர் தோளுக்கு ஏறும் என்றேன். அட, இது தோன்றவில்லையே என்றார். அடுத்த முறை அவளும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆசையாக வந்து, ஒரு காலைத் தூக்கி வைத்தாள். உள்ளே ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஏய், நீயும் எறங்கினா வழிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், காலை எடுத்துக்கொண்டாள், உள்ளே போய் அவர்களுக்குத் துண்டு எடுத்து வந்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவரைவிட அவள்மேல்தான் எனக்கு அன்று அதிகக் கோபம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இருவரையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

போன வாரம் சலவைக்கூடத்தில் எந்திரத்தின் மூடியைப் பாதி தூக்கியவள் அதற்கு மேல் முடியாமல் அப்படியே விட்டுவிட்டாள். நல்லவேளை, எதிர்ப்பக்கம் நின்றவள் கையை இழுத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் திட்டவில்லை. தோள் சரியானதாக டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் எந்திரம், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன், என்ன செய்ய என்று சொல்லி மதியமே அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு நான் போனபோது அவள் பின்பக்கம் இடது கையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். டேப் முழுகி அதற்கு மேலும் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் வாயைத் திறக்காத தருணங்கள் கொஞ்சம்தான். அவள் தோள் துளைகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்தாள். தண்ணீர் சூடாகும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். பிறகு உள்ளே இறங்கினாள். தண்ணீர் மெல்ல ஏறி அவள் கழுத்தடியில் வந்து நின்றது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே விரல் அகலம்கூட இல்லை, ஆனால் ஒரு சொட்டு வழியவில்லை. பம்ப்பைப் போட்டேன். அவள் முகத்தில் இருந்த சுளிப்பு, அது அவள் முகத்தோடு பிறந்தது என்றே நான் நினைத்திருந்தேன், கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது.

வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு அழைப்புமணி அடித்தது. முன்பக்கம் வாங்க, வாங்க என்று குரல். செருப்புகள் கழற்றும் சத்தம், குழந்தைகளின் சத்தம். தோளில் துண்டுகளைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை பின்கதவைத் திறந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன இது, தண்ணி இவ்ளோ இருக்கு? அவங்க வந்துட்டாங்க. எந்திரி, எந்திரி, கொஞ்சம் மொண்டுடலாம்."

அவரே வாளியை எடுத்துவிட்டார். என் நாக்கின் நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. அவள் கண்ணாலேயே என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு ஆள் தண்ணிதான் வெச்சிருக்கேங்க" என்றாள்.

"வந்தவங்க என்ன நெனைப்பாங்க?"

 அவள் முகத்தில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்க வலது கையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. காது வரை வந்தது. அங்கேயே நின்றது, அதற்கு மேல் போகவில்லை. மாப்பிள்ளை அந்தக் கையையே பார்த்தார். அவருக்கு எதிரில் அவள் அந்தக் கையைத் தூக்கிக் காட்டியதே இல்லை, அவரும் காட்டச் சொன்னதில்லை.

"இவ்ளோதான் தூக்க முடியுதா?" என்று கேட்டார். 

"நேத்து இதுகூட முடியலைங்க."

மாப்பிள்ளை வாளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. துண்டுகளோடு உள்ளே போனார். கூடத்தில் குழந்தைகள், எப்போது தொட்டிக்குப் போகலாம் என்று நச்சரிப்பது கேட்டது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தொட்டியில் ஆள் இருக்கிறது என்றார்.