அரை நொடிக்கு முந்தின படம்

ஊர்க் கூட்டத்தில் என்னைப் பார்த்து ஒரு பெண் கேட்டாள்: "ஆளு தண்ணில வுழுந்த அப்றம்தான் பட்டன அமுக்குனேன்னு நீயே சொல்ற. அப்ப வுழறதுக்கு முன்னாடி இருக்கிற படம் எப்டி வந்துது?"

படத்தில் கறுப்பாக இருக்கிறேன், குண்டாக இருக்கிறேன் என்று என்னிடம் நிறையப் பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். படமே எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், அந்தப் பதிலால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். கேமரா கம்பெனியின் பெயரும் அந்தக் கூட்டம் நடந்த மீனவக் குப்பத்தின் பெயரும் இதில் இருக்காது. இரண்டு தரப்புமே என் கடை வாசலில் வந்து நிற்கக்கூடியவர்கள்.

1. சும்மா வந்த கேமரா

ஆரம்பாக்கத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என் ஸ்டுடியோ. நைனா ஆரம்பித்தது, அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் ஃபோட்டோ, இதுதான் பிழைப்பு. பக்கத்திலிருக்கிற உப்பு நீர் ஏரிக்குப் பூநாரைகள் வருகிற மாதங்களில் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு லென்ஸ் வாடகைக்கும் விடுவேன்.

நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற சென்னைக் கடைக்காரர் பொங்கலுக்கு முன்னால் ஒரு டெமோ கேமராவைக் கையில் கொடுத்தார். மிரர்லெஸ் என்கிற வகையில் ப்ரொஃபஷனல் மாடல். லென்ஸ் இல்லாமல் வெறும் பாடியே ஐந்து லட்சத்துக்கு மேல். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க மேடம். புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்கிற வியாபாரியை நான் நம்புவதில்லை. எனக்கு முன்னால் இதை யார் யார் ஓட்டிப் பார்த்தார்களோ, லென்ஸ் மாட்டுகிற மவுண்டில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று காட்டுகிற ஷட்டர் கவுண்ட் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரித்தார். இதில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாதாம், எல்லாம் எலக்ட்ரானிக் ஷட்டராம், தேய்வதற்கு உள்ளே ஒன்றும் இல்லையாம்.

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அங்கேயே சந்தேகம் பிடித்துக்கொண்டது. எவ்வளவு ஓடியது என்று பார்த்துத்தானே பழைய கேமராவுக்கு விலை பேசுவோம்? நாளைக்கு இதை நான் விற்கப் போனால் வாங்குகிறவன் எதைப் பார்த்து விலை சொல்லுவான்? ஆனாலும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், அதுவும் உண்மை.

2. வளையாத துடுப்பு

காணும் பொங்கலுக்கு அந்தக் குப்பத்தில் படகுப் போட்டி நடக்கும். ஏரியில் துடுப்புப் போட்டு வந்து கொடியைத் தொட வேண்டும். ஃபோட்டோவும் வீடியோவும் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். போட்டிக்கு முந்தின நாள் ஒத்திகை நடந்தபோது என் பழைய மிரர்லெஸ்ஸையும் டெமோ கேமராவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பழையதை சைலண்ட் மோடில் போட்டு எடுத்தால் வேகமாக வீசுகிற துடுப்பு படத்தில் அரிவாள் மாதிரி வளைந்து விழும். சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது. புதியதில் அதே துடுப்பு நேராக நின்றது. சென்சாரே வேறு வகை, அவ்வளவு வேகம். நொடிக்கு முப்பது படம் எடுத்தும் ஆள் முகத்தில் ஃபோகஸ் தப்பவில்லை. இதில் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

மற்றதில் முடிந்தது. கரையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரில் ஒரு தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். படகு பேனரைத் தாண்டியதும் ஃபோகஸ் போய் அவர் முகத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்தது. மெமரி கார்டு விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு காலை நேரத்தில் சேர்ந்த படங்களைப் பிரித்து எடுக்க ராத்திரி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. உப்புக் காற்று உள்ளே போகாது என்று கடைக்காரர் சொன்னார், நான் நம்பவில்லை. இந்த ஏரிக் காற்று இரும்பு பீரோவையே தின்று தீர்த்திருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. மீன் காய வைத்துக்கொண்டிருந்த பெண்களை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் கேமராவைத் தூக்கினால் மூச்சைப் பிடித்து நிற்பார்கள், க்ளிக் சத்தம் கேட்டதும் விடுவார்கள். இதில் சத்தம் வராததால் அவர்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஜெகன் என்பவருடைய மனைவி தேவி பொறுமை இழந்து, "எடுத்தியா இல்லியாக்கா?" என்றாள். எடுத்தாயிற்று என்றேன். "சத்தமே இல்லாம எட்த்தா எங்களுக்கு எப்டி தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தேவிதான் மறுநாளைக்கு மறுநாள் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவள்.

3. கொடிக்குப் பக்கத்தில்

கடைசிச் சுற்றில் இரண்டு படகுகள் உரசுகிற தூரத்தில் வந்தன. ஒன்றின் பின்பக்கம் வேலு துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அரை ஆள் நீளம் பின்னால் வந்த அடுத்த படகின் முன்பக்கம் ஜெகன். இருவருக்கும் முன்பே ஆகாது. அறுந்த வலை விஷயமாக ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கரையில் ட்ரைபாட் வைத்து, ப்ரீ கேப்சர் என்கிற வசதியைப் போட்டிருந்தேன். பட்டனைப் பாதி அமுக்கிப் பிடித்திருக்கும் வரை கேமரா தனக்குள் படம் எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். முழுசாக அமுக்கினால், அதற்கு முந்தின அரை நொடிப் படங்களை அழிக்காமல் கார்டில் சேர்த்துவிடும். பறவை எழும்பும்போது நம் விரல் தாமதமாகும் என்பதற்காக வைத்த வசதி. என் கண் கொடியின் மேல் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் முழுசாக அமுக்கினேன். ஜெகன் ஏரியில் கிடந்தார்.

தூக்கி வந்து பார்த்தால் தோள் எலும்பு முறிந்திருந்தது. வேலு துடுப்பால் அடித்தான் என்றார் ஜெகன். நான் தொடவே இல்லை, அவனாக வழுக்கி விழுந்து படகு விளிம்பில் இடித்துக்கொண்டான் என்றார் வேலு. மற்றவர்கள் கண்ணெல்லாம் என்னைப் போலவே கொடியின் மேல்.

அந்தக் குப்பத்தில் பாடு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யாருக்கு எப்போது வலை போடும் முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே அடித்தது உண்மையென்றால் வேலு குடும்பத்தின் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று பேச்சு வந்தது. இறால் ஓடிக்கொண்டிருந்த நேரம். பாடு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பொய்ப் புகார் என்றால் ஜெகன் ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

4. கூட்டம்

மறுநாள் ஊர்த் தலைவர் ஏழுமலை என்னைக் கேமராவோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சமுதாயக் கூடத்து டிவியில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். முதல் படத்தில் ஜெகன் படகுக்கு வெளியே சாய்ந்திருக்கிறார். வேலுவின் துடுப்பு அவருக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிற ஒரு படத்தில்கூடத் துடுப்பு அவரைத் தொடவில்லை.

தேவி அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். கூடமே என் பக்கம் திரும்பியது. கம்ப்யூட்டரில் செய்த படம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வாயால் விளக்கினால் நம்ப மாட்டார்கள் என்று, ஒருவரிடம் வலை மிதவையைக் கொடுத்துக் கீழே போடச் சொன்னேன். அது தரையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகு, பாதி அமுக்கிப் பிடித்திருந்த பட்டனை முழுசாக அமுக்கி, மிதவை அந்தரத்தில் நிற்கிற படத்தை டிவியில் காட்டினேன்.

பிறகு தேவி, "அப்ப நீ அமுக்காதப்பவும் அது பார்த்துக்கினேதான் கீது" என்றாள். பட்டனில் விரல் இருந்தால்தான் என்றேன். அது அவளுக்குச் சமாதானமாக இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குமே இல்லை.

கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த ஜெகன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதுக்கு முந்தின படத்தக் காட்டு."

"இதாம்பா மொதல் படம். இதுக்கு முன்னாடி இல்ல" என்றேன்.

"இதுக்கு முன்னாடிதான் அடிச்சான்."

தோற்றவன் பேச்சு என்று நாலு பேர் சிரித்தார்கள். ஏழுமலை கையைத் தூக்கி அடக்கினார். இத்தனை படம் இருக்கிறது, ஒன்றிலும் படவில்லை, இனி என்ன வேண்டும் என்றார். வேலுவின் பாடு அவருக்கே என்றும், ஜெகன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், ஆஸ்பத்திரிச் செலவு பொதுப் பணத்திலிருந்து என்றும் முடித்தார்கள்.

ஜெகனால் கும்பிட முடியவில்லை, ஒரு கைதான் இருந்தது. அந்த ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தார். தேவி எழுந்து வெளியே போய்விட்டாள். என் படத்தால் ஒரு குடும்பத்தின் சோறு தப்பியது என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. ஐந்து லட்சம் அதிகமில்லையோ என்றுகூட நினைத்தேன்.

5. வேலு கேட்டது

என்னைப் பஸ் ஏற்றிவிட வேலுவே வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். என் மடியில் ஒரு பை இறாலை வைத்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. "நீ இல்லன்னா என் வூட்ல பசங்க பட்டினிதான்க்கா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பஸ் வர நேரமாயிற்று. வேலு கிளம்பவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, என் தோளில் தொங்கிய கேமராப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மெஷினு எவ்ளோ முன்னாடி வரைக்கும் புடிச்சி வச்சிருக்கும்?"

"அரை செகண்டு."

"அதுக்கு முன்னாடி?"

"இருக்காது. அழிஞ்சிடும்."

"இன்னா பண்ணாலும் எடுக்க முடியாதா? கடைல குடுத்தா?"

"முடியாது வேலு."

அவர் தலையை ஆட்டினார். "சரிக்கா" என்றார். கூட்டத்தில் தீர்ப்புச் சொன்னபோதுகூட அந்த முகத்தின் இறுக்கம் அப்படித் தளரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இறாலைக்கூட எடுத்து வைக்காமல் படங்களைத் திரும்ப ஓட்டினேன். கூடத்தில் எல்லோரும், நானும்தான், துடுப்பு தொடுகிறதா என்று மட்டுமே பார்த்தோம். துடுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. முதல் படத்திலிருந்து இரண்டாவதுக்கு அது ஜெகனை விட்டு விலகிப் போகிறது. அடித்துவிட்டுத் திரும்புகிற துடுப்பும் அப்படித்தான் போகும். அடுத்த வீச்சுக்காக ஒருவர் துடுப்பை இழுத்தாலும் அப்படித்தான் போகும். நானும் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பொழுது விடிந்ததும் ஏழுமலைக்குப் போன் செய்தேன். ஜெகன் கேட்ட கேள்வி நியாயமானது, முதல் படத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று அந்தப் படங்கள் சொல்லாது என்றேன். வேலு என்னிடம் கேட்டதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊர் முடிச்ச விஷயம்மா. கேள்வி கேட்டதெல்லாம் குத்தம்னா எவனும் வாயத் தொறக்க முடியாது. கிளறாத" என்றார்.

இறாலைச் சமைக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

6. திருப்பிக் கொடுத்தது

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பறவை எடுத்துத்தான் சோறு என்றால், ஓட்டப் பந்தயமும் கிரிக்கெட்டும் எடுக்கிற வேலை என்றால், கடன் இல்லாமல் முடியும் என்றால் வாங்குங்கள். அந்த வேகத்துக்கு ஈடு இல்லை. கல்யாணமும் ஞானஸ்நானமும் எடுக்கிற எனக்கு இதில் பாதி விலைக் கேமராவே அதிகம். வாங்கினால் அதில் இருக்கிற செயற்கை க்ளிக் சத்தத்தை ஆன் செய்து வையுங்கள். எடுக்கிறீர்கள் என்று எதிரில் நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

படத்தைச் சாட்சிக்குக் கேட்டு யாராவது வந்தால், ஓட்டுவதற்கு முன்பே, இது எங்கே தொடங்குகிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். நிறையப் படம் இருந்தால் எல்லாமே இருக்கிற மாதிரி ஜனங்களுக்குத் தோன்றிவிடுகிறது. ஜெகன் ஒருத்தருக்குத்தான் தோன்றவில்லை.

கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் முகம் வாடிவிட்டது. ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றவர் அரை மணி நேரம் சொன்னார். வேகம் பிடிக்கவில்லையா, ஃபோகஸ் பிடிக்கவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்த அரை நொடிதான் போதவில்லை என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா மேடம்? வேற மாடல் இருக்கு. அதுல ஒரு செகண்டு முன்னாடி வரைக்கும் போகும்."

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

நான் பேரம் பேச ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்து, அவர் கால்குலேட்டரை எடுத்தார்.