அங்கம்மாவின் கப்பல் பெட்டி

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்கள் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். பிரஷர் மாத்திரையும் பாஸ்போர்ட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியை ஏறுகிற இடத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், சாயங்காலம்தான் அறை வாசலுக்கு வரும். உள்ளே ஏசிக் குளிர் எங்கள் மார்கழியைத் தோற்கடிக்கும், அதனால் ஒரு சுவெட்டர். தலைசுற்றலுக்கு மாத்திரை, ஈரத் தரையில் வழுக்காத செருப்பு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல சேலை. இஸ்திரிப்பெட்டியும் கேத்தலும் கொண்டுபோனால் பிடுங்கி வைத்துவிடுவார்கள். இலங்கை மலையகத்தில் எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்து என்ன பிரயோசனம்?

பெட்டி கட்டியது என் அம்மாவுக்காக. பெயர் அங்கம்மா. பதினாறு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள், அறுபதில்தான் இறக்கினாள். மழையில் நனைந்து கொழுந்து பறித்து, அப்பா போன பிறகு என்னையும் தம்பியையும் தனியாளாக ஆளாக்கினாள். இதற்குமேல் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவளே சொல்வாள். எங்கேயும் போனதில்லை. பிள்ளைப்பேற்றுக்கு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு பை கட்டியிருக்கிறாள். கதிர்காமத்துக்குக்கூட ஒரு சொப்பிங் பேக்கோடு போய் வந்தவள்.

அவளுக்கு ஒரு அக்கா உண்டு. வீராயி. எழுபத்து நான்காம் ஆண்டு, இரண்டு நாட்டு அரசாங்கமும் எங்கள் ஆட்களைப் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்த புருஷனோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் இதை ‘கப்பலுக்குப் போனது’ என்பார்கள். பதுளையில் ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், அதற்கப்புறம் ஆள் கிடையாது. எங்கள் லயத்தில், அந்த ஒட்டுவரிசை வீடுகளில், செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுகிற குரலும் கப்பலுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசுகிற குரலும் ஒன்றுதான். போகிறவர்கள் எதையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அம்மிக்கல்லைச் சாக்கில் சுற்றிக் கட்டுவார்கள், பாய், சட்டிபானை, கதவில் மாட்டிய கொக்கிவரை கழற்றிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு பதுளை ஸ்டேஷனில் பெரியம்மா சாமான்களை ஏற்றுகிற அவசரத்தில் தங்கச்சியின் முகத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை. அது அம்மாவுக்கு ஐம்பது வருசத்து வருத்தம்.

பெரியம்மாவின் மகன் தங்கராசு அண்ணன் நீலகிரிப் பக்கம் கூடலூரில் ஜீப் ஓட்டுகிறார். இரண்டு வருசத்துக்கு முன் பேஸ்புக்கில் எப்படியோ எங்களைத் தேடிப் பிடித்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் வீடியோ கோல். பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெரியம்மாவுக்குக் காது மந்தம். சாப்பிட்டியா, மழையா, கால் வலி எப்படி, அவ்வளவுதான். போனை வைத்ததும் அம்மா அந்தக் கறுத்த கண்ணாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாகிறதுக்குள்ள ஒருக்கா அக்காவைத் தொட்டுப் பார்க்கணும் என்பாள். வேறெந்த ஆசையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. விமானத்துக்குக் காசிருந்தால் எப்போதோ அனுப்பியிருப்போம். பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் லீக்ஸும் கரட்டும் பெட்டி பெட்டியாக அடுக்குகிற எனக்கு விமானம் எங்கேயிருந்து வரும்?

வழியைத் திறந்தது தம்பி கிரிஷாந்தன். அவன் ஒரு பெரிய பயணிகள் கப்பலில் அறை சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறான். வேலையாட்களின் குடும்பத்தில் இரண்டு பேர் அநேகமாக இலவசமாகவே வரலாமாம். கப்பல் கொழும்பில் புறப்பட்டுக் கொச்சிக்குப் போய், மாலைதீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கொழும்புக்கு வரும். கொச்சியில் ஒரு பகல் நிற்கும். கூடலூர்க்காரர்கள் இரவோடு இரவாக ஜீப்பில் கிளம்பினால் விடியக் கொச்சிக்கு வந்துவிடலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. விசா, பாஸ்போர்ட் என்று கொழும்புக்கும் பூனாகலைக்குமாக அலைந்து செருப்புத் தேய்ந்தேன்.

சேதி சொன்ன அன்று அம்மா போனில் லயமே கேட்கக் கத்தினாள்.

“அக்கா, நான் கப்பல்ல வர்றேன்.”

பெரியம்மா காதில் கையை வைத்துக்கொண்டு, கப்பல்லயா, கப்பல்லயா வர்ற என்று மறுபடி மறுபடி கேட்டாள். அம்மா ஒவ்வொரு தடவையும் ஆமாக்கா என்றாள். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் கிழவிகள் இரண்டு பேரும் குழந்தையாகிவிட்டார்கள் என்று நான் சிரித்தேன்.

பெட்டி வாங்க பதுளை பஜாருக்குப் போனேன். ஷுக்ரி நானா கடைதான். மக்காவுக்கு உம்ரா போகிற பெட்டியா, வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற பெட்டியா என்று கேட்டார், அவருக்குத் தெரிந்தது அந்த இரண்டு பயணம்தான். உல்லாசக் கப்பல் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீல நிறத்தில் நாலு சில்லு வைத்த ஒன்றை எடுத்து, இது கடலையே தாண்டும் தங்கச்சி என்று கையில் கொடுத்தார்.

கட்ட ஆரம்பித்ததும் வீட்டில் யுத்தம். கடையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தால் மேலே கேத்தல். அதற்குக் கீழே அலுமினியச் சட்டி, அரிசி, கம்பளி, சாமி படம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் போட்டேன். அங்கே மூன்று வேளையும் விருந்து, நாலு நாள்தானே, சட்டி எதற்கு என்று கேட்டேன். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

“கப்பலுக்குப் போறவங்க சட்டிபானை இல்லாம போவாங்களா புள்ள?”

இது வேற கப்பல்மா என்று நானும் கத்தினேன். தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை நாலு தடவை போட்டுக் காட்டினேன். மகன் சொன்னால் வேதவாக்கு, மகள் சொன்னால் காற்று. முணுமுணுத்துக்கொண்டே சட்டியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள்.

அக்காவுக்கு என்ன கொண்டுபோவது என்பதில்தான் அம்மா உடைந்துபோனாள். தேயிலை கொண்டுபோகலாம் என்றாள். பெரியம்மாவும் அங்கே தேயிலைத் தோட்டத்தில்தான் காலம் முழுக்கக் கொழுந்து பறித்திருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வெகுநேரம் யோசித்துவிட்டு, அவளுக்கு இப்ப என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியலயே என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். கடைசியில் பண்டாரவளையில் ஊதா நிறத்தில் ஒரு சுவெட்டர் வாங்கினோம். அளவு கேட்டதற்கு, என்னைவிட அக்கா கொஞ்சம் பூசினாப்ல இருப்பா என்று கடைக்காரனிடம் சொன்னாள்.

கப்பலைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு ஆசையில்லை. அது ஒரு நகரம், அவ்வளவுதான். மாடிக்கு மாடி வெளிச்சம், பாட்டு, நீச்சல் குளம். தம்பி சீருடையில் துவாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் கதவைத் தாண்டிப் போனான். பயணிகளோடு உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு அனுமதி இல்லை. அவன் அடுத்தவர்களின் படுக்கையை உதறுவதைப் பார்த்துவிட்டு அம்மா விருந்து மேசையில் ஒரு வாய்க்கு மேல் எடுக்கவில்லை. இருந்தாலும் முகத்தில் ஒரு மினுக்கம் இருந்தது. அடிக்கொருதரம் கொச்சி வந்திருச்சா என்று கேட்டாள்.

இறங்குகிற அன்று நான் சட்டம் போட்டேன். கைப்பை மட்டும் போதும். கடவுச்சீட்டு, மாத்திரை, தண்ணீர்ப் போத்தல், சுவெட்டர். பெரிய பெட்டி அறையிலேயே இருக்கட்டும், ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும், நாலுக்குள் திரும்பிவிட வேண்டும்.

துறைமுக வாசலுக்கு வெளியே ஜீப் நின்றது. பெரியம்மா கீழே இறங்கி நின்றிருந்தாள். வீடியோவில் முகம் மட்டும்தானே தெரியும், ஆள் இவ்வளவு சிறுத்துப்போயிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா ஓடவில்லை, அவளால் ஓட முடியாது. நடந்து போய் அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, முழங்கைவரை தடவி, கன்னத்தைத் தடவி, காதைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் சத்தமே இல்லாமல் அழுதார்கள். தங்கராசு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிசத்தோடு கப்பல் கிளம்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

சுவெட்டரைப் போட்டுவிட்டார்கள். கைகள் தொளதொளவென்று விரலைத் தாண்டித் தொங்கின. பெரியம்மா அதை மடித்துவிட்டுக்கொண்டே எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு மகனிடம், பெட்டியெல்லாம் எடுத்து ஏத்துடா, வெயிலுக்கு முந்திக் கெளம்புவோம் என்றாள்.

அண்ணன் அசையவில்லை. பெரியம்மா என் கையைப் பார்த்தாள், அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள்.

“பெட்டி எங்கடி?”

அம்மா, பெட்டி கப்பல்லயே இருக்குக்கா என்றாள். எப்ப எறக்குவாங்க என்று பெரியம்மா கேட்டாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியம்மாவுடைய ஊரிலும் லயத்திலும் கப்பலில் வந்த எவரும் திரும்பிப் போனதில்லை. அவளும் போகவில்லை. கப்பல்ல வர்றேன் என்று தங்கச்சி சொன்னால் அவளுக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது? காதுக்குக் கிட்டப் போய், பெரியம்மா, நாங்க சாயங்காலம் திரும்பிப் போயிருவோம், பாத்துட்டுப் போகத்தான் வந்தோம் என்றேன். கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சத்தமாகவும் சொன்னேன். முதல் தடவையே கேட்டிருந்தது.

பெரியம்மா ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கராசு அண்ணன் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் விவரம் சொன்னார். வீட்டோடு சேர்த்துத் தகரம் அடித்துத் தங்கச்சிக்கென்று ஒரு சாய்ப்பு அறை இறக்கச் சொல்லிப் பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாளாம். புதுக் கட்டில் வாங்க வைத்தாளாம். என் தங்கச்சி கப்பல்ல வர்றா என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாளாம். ஒரு பகலுக்குத்தான் வருகிறார்கள் என்று அண்ணனும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கப்பல்ல வந்தவ எங்கடா திரும்பிப் போறா என்று அவர் வாயை அடைத்துவிட்டாளாம்.

நாங்கள் திரும்பி வந்தபோது பெரியம்மா தங்கச்சியின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எதுக்குடி வந்த?”

திட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

மிச்ச நேரம் எப்படியோ போனது. ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பெரியம்மா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். ஐம்பது வருசத்துக் கதையை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள் என்று நினைத்து வந்தேன். இரண்டு பேரும் ஒருவர் மடியில் ஒருவர் கையை வைத்துக்கொண்டு ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. அந்தக் காலத்தில் கையெழுத்துப் போட்டு மனிதர்களைப் பிரித்துக்கொண்டவர்கள்மேல், ஐந்து மணிக்குக் கிளம்புகிற கப்பல்மேல், மணியைப் பார்த்துக்கொண்டே இருந்த என்மேல்.

வாசலில் பிரிகிற நேரம் பெரியம்மா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தாள். அம்மா அந்தக் கையை எடுத்துவிட முடியாமல் நின்றாள். காவலர் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா குனிந்து அக்காவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

“பெட்டிய எடுத்துட்டு வந்துர்றேன்க்கா.”

பெரியம்மா முந்தானையை விட்டாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். ஏன் இப்படி ஒரு பொய் என்று கப்பலில் ஏறியதும் நான் சண்டை பிடித்தேன். அவள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மாலைதீவு வந்ததையும் போனதையும் அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இப்போது ஏழெட்டு மாசமாகிறது. புதுக் கட்டிலில் பெரியம்மா யாரையும் படுக்க விடுவதில்லை என்று தங்கராசு அண்ணன் சொல்கிறார். தங்கச்சி சாமான் எடுக்கப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறாளாம். பெரியம்மாவுக்கு உண்மை தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சொல்கிறாளா, புத்தி தடுமாறித்தான் சொல்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளப் பயமாகவும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் இப்போது சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. எடுத்ததுமே, பெட்டி எறக்கியாச்சாடி என்றுதான் கேட்கிறாள்.

“இன்னும் இல்லக்கா. நெறையப் பேரு நிக்கிறாங்க. எறக்கிக்கிட்டு இருக்காங்க” என்கிறாள் அம்மா.