வஹீதாவின் நீலக் கண்ணாடி

ஆம்பூர்ப் பக்கம் எதைத் துடைப்பதென்றாலும் தோல்தான். மூக்குக் கண்ணாடி, டிவி, பைக் எல்லாவற்றுக்கும் பட்டு மாதிரி ஒரு வெட்டுத்துண்டு வீட்டில் கிடக்கும். கல்யாணத்தில் வேர்த்துப்போன மாப்பிள்ளை முகத்தையே அதால் துடைத்துவிட்ட மாமியார் ஒருத்தி பேரணாம்பட்டில் இருந்தாளாம். அந்த மனுஷனுக்குப் பேரன் பிறந்த பிறகும் மினுமினுப்பு போகவில்லையாம். அப்பேர்ப்பட்ட ஊரில் வளர்ந்த வஹீதா, தோல் பதனிடும் ஷெட்டின் லேபில் இருந்த மைக்ராஸ்கோப்பின் பல்பையும், விளக்குக்கு மேலே உட்காரும் நீலக் கண்ணாடியையும் தினமும் ஆட்டுத்தோலால் துடைத்துவந்ததில் அதிசயம் என்ன?

மேல்விஷாரம் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அந்த மைக்ராஸ்கோப்பை வேறு யாரும் தொடக்கூடாது. முதலாளியே வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிய வேண்டும்.

ஐப்பசி அடைமழையில், சென்னைத் துறைமுகத்துக்குப் போகவிருந்த தோல் சரக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. உப்பா, பூஞ்சையா? வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உப்பென்றால் துடைத்து அனுப்பலாம். பூஞ்சையென்றால் கப்பல் கரைசேர்வதற்குள் மொத்தமும் நாறிவிடும். வஹீதா கொஞ்சம் சுரண்டி ஸ்லைடில் வைத்துப் பார்த்தாள். கிளைகிளையாக நூல். பூஞ்சை என்று சொல்லிவிட்டாள். மேனேஜர் தன்சீல் அகமது, வாங்குகிற கம்பெனிக்கு உடனே தகவல் அனுப்பினார். தோல் சுழலும் டிரம்மில் பூஞ்சை மருந்து போடுகிற சம்பத்தைக் கூப்பிட்டு, சாயங்காலத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார்.

சம்பத் லேப் வாசலில் வந்து நின்றான். அழவில்லை, அழுதிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மருந்து போட்டேம்மா. என் கையாலதான் போட்டேன். இன்னொரு வாட்டி பாரேன்."

"மிஷின் பொய் சொல்லாதுண்ணா" என்றாள் வஹீதா. ஆனாலும் அவன் போன பிறகு பார்த்தாள். ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினாள். வெள்ளைப் பொடி நகர்ந்தது. நூல் நகரவில்லை. வலப்பக்கம் தள்ளினாள். நூல் நின்ற இடத்திலேயே நின்றது.

நீலக் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினாள். நூலும் கூடவே திரும்பியது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தோலின் எண்ணெய்ப் பசை படலமாகப் படிந்து, அதைத் தின்று பூஞ்சை கோலம் போட்டிருந்தது. வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சர் லென்ஸைக் கீழே இறக்கிவைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அப்படி வைத்தால் அடியில் இருக்கிற அழுக்கும் மேலேறி வந்து, ஸ்லைடில் இருப்பதோடு இருப்பதாகத் தெரியும்.

பதறிப்போய் ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் கண்ணாடியைத் தேய்தேய் என்று தேய்த்தாள். பளிச்சென்று ஆன பிறகுதான் உறைத்தது, இருந்த ஒரே சாட்சியையும் தன் கையாலேயே துடைத்துவிட்டோம் என்று. சரி, சுத்தமான ஸ்லைடையாவது காட்டுவோம் என்று வெளிச்சத்தை முழுசாக ஏற்றினாள். தினம் தோல் எண்ணெய் குடித்துக் குடித்துக் கொப்புளம் கட்டியிருந்த பல்பு, டப்பென்று வெடித்தது. டப்பாவில் மாற்று பல்பு இல்லை. வெளியே ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது.

மேனேஜர் அறைக்கு ஓடினாள். சம்பத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றான். தப்பு தன்னுடையது, பூஞ்சை கண்ணாடியில்தான் இருந்தது, தோலில் இருப்பது வெறும் உப்பு என்று மூச்சுவாங்கச் சொன்னாள். மேனேஜர் அந்தக் கண்ணாடியைக் கேட்டார். நீட்டினாள். தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பூஞ்சையின் சுவடே இல்லை.

"காலையில பூஞ்சைன்னே. இப்ப உப்புன்றே. அண்ணன் மேல இரக்கப்பட்டுச் சொல்றியா?"

"நீங்களே ஒரு தோலை எடுங்க சார். நீங்களே சுரண்டி வைங்க. நான் தொடவே மாட்டேன்."

மூவரும் லேபுக்கு வந்ததும், செல்போன் டார்ச்சை மல்லாத்தி, மேலே வெள்ளை டிஷ்யூ விரித்து, கண்டென்சருக்குக் கீழே தள்ளினாள். அந்த அழுமூஞ்சி வெளிச்சத்தில் தன்சீல் அகமது, தானே சுரண்டி வைத்த ஸ்லைடின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார். சம்பத்தின் மூச்சுச் சத்தம் லேப் முழுக்கக் கேட்டது.

"கல்லு கல்லாத்தான் கீது. நூலைக் காணோம்" என்று நிமிர்ந்தார். சம்பத்தை, காலையில் வழக்கம்போல டிரம்முக்கு வந்துவிடச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, மத்தியானமே அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆர்டரை வேறு ஷெட்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

"யாரால போச்சுன்னு முதலாளி கேப்பாரு. நான் யார் பேரைச் சொல்றது?"

"என் பேரைத்தான் சார்."

சம்பத் வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு படி இறங்கினான். வஹீதா உடைந்த பல்பின் சில்லுகளைப் பொறுக்க உட்கார்ந்தாள்.