பாதியில் நின்ற வசனம்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து வீட்டு ரீச்சர். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். என் பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதுவார். கேட்டால், “அச்சிலை வாறது வடிவாய் இருக்கவேணும் அக்கா” என்பார். பேச்சைத் திருத்தட்டும், நடந்ததைத் திருத்தக் கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

என் மகள் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அங்கே எங்கள் சைவச் சனம் கொஞ்சக் குடும்பங்கள்தான். கோயில் இல்லை. நாலு வருடமாக, கறுப்புச் சனத்தின் தேவாலயம் ஒன்றின் கீழ் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களை வைத்துக் கும்பிடுகிறார்கள். கற்பூரம் கொளுத்தினால் கூரையில் மணி அடித்துத் தீயணைக்கிறவர்கள் வந்துவிடுவார்களாம். அதனால் பிள்ளையாருக்குப் பற்றரி விளக்கு. அதைக் கேட்டு முதலில் எனக்கு அழுகை வந்தது, பிறகு நினைக்க நினைக்கச் சிரிப்பு. அந்தத் தேவாலயத்தின் போதகர் ஒரு பெண். மண்டபத்தைச் சும்மா தருகிறார். மோதகம் அவித்தால் மூன்று சாப்பிடுவாராம். அவருக்கென்றே நான் இங்கிருந்து பனங்கட்டி அனுப்பியிருக்கிறேன், முகத்தைக் கண்டதில்லை என்றாலும்.

இப்போது எங்கள் ஆட்கள் ஒரு பழைய கிடங்கை வாங்கிக் கோயிலாக்கப் போகிறார்கள். அதற்கு நகரசபை அனுமதி வேண்டும். சபையில் ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் எழுந்து ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாமாம். எங்கள் பக்கத்தில் மகளைப் பேச விட்டார்கள்.

“அம்மா, நான் என்னத்தைச் சொல்ல?” என்று ரெலிபோனில் கேட்டாள்.

“அந்தச் சனத்துக்கு எங்களைப் பாத்து என்ன பயம்?”

“கறுப்பு ஆக்கள் வந்து குடியேறினபோதும் இப்பிடித்தான் பயந்தவையாம். ஊர் கெட்டுப்போச்சுது எண்டு இப்பவும் கதைக்கினம்.”

“அப்ப வடிவாய்ச் சொல்லு. நாங்கள் அவையளைப் போல இல்லை, நல்ல குடும்பத்து ஆக்கள், படிச்ச ஆக்கள், எங்களாலை ஒருதருக்கும் கரைச்சல் வராது எண்டு.”

இங்கே கலியாணம் பேசப் போனாலும், வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் எங்கள் வாயில் முதலில் வருகிற வசனம் அதுதான். நாங்கள் யார் என்று விளக்க நேரம் எடுக்கும். யார் இல்லை என்று சொன்னால் உடனே விளங்கிவிடும். மகள் எழுதிக்கொண்டாள். மறுநாள், “எங்கடை கோயில் கமிற்றி ஆக்களுக்கு உங்கடை வசனம் நல்லாய்ப் பிடிச்சுப் போச்சுதம்மா” என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத நான் சொன்னதை அமெரிக்க நகரசபை கேட்கப் போகிறது!

ரீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அக்கா, உங்கடை கையை ஒருக்காப் பாருங்கோ.”

“ஏன், ஏதும் ஊருதோ?”

“நிறத்தைப் பாருங்கோ.”

என் நிறம் எனக்குத் தெரியாதா? நான் பிறந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, இதற்குச் சீதனம் கூடக் கேட்கப் போகிறார்கள் என்று அப்பாச்சி ஒப்பாரி வைத்தாராம். மூன்று நாளாகச் சோறும் தின்னவில்லையாம். பிறகு நான்தான் அவருக்குச் செல்லம், அது வேறு கதை. “அது வேறை, இது வேறை ரீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சபை கூடுகிற நாள் வந்தது. அங்கே பின்னேரம், இங்கே காலை. ரெலிபோனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டு நானும் ரீச்சரும் இருந்தோம். மகள் பக்கத்தில் இருந்த யாரோ அவளுடைய ரெலிபோனைப் பிடித்துச் சபையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் தொடங்கமுன் தலை நரைத்த ஒருவர் கண்ணை மூடி இயேசுவிடம் மன்றாடினார். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

“நகரசபையிலையும் சாமி கும்பிடுகினமோ?”

“ஓம், உந்த ஊரிலை அப்பிடித்தான்.”

“அப்ப எங்கடை ஆக்களும் கும்பிட ஒரு இடத்தைக் குடுக்கலாம்தானே?”

“உதைத்தானே அக்கா அங்கை கேக்கினம்.”

பிறகு ஒரு மனிதர் எழுந்து பேசினார். கார் நிறுத்தி விட இடம் போதாதாம், தெருவில் நெரிசலாம். ரீச்சர் அப்படித்தான் பொருள் சொன்னார்.

“கார் விடுறதுக்கு ஏன் அந்தாளின்ரை முகம் உப்பிடிக் கோணுது?”

“சாமியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லேல்லை அக்கா.”

“சொல்லாமல் சொல்லுறார். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் முகம் தெரியும்.”

அடுத்ததாக மகளுக்குப் பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நல்ல கறுப்பு, பெரிய உடம்பு, மஞ்சள் சட்டை. அவர்தான் போதகர் என்றார் ரீச்சர். என்ன குரல் அது! மெல்லத் தொடங்கி, ஒரு சொல்லைப் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு தரமும் ஒரு படி மேலே ஏற்றினார். பின்னால் இருந்த சனம் அவர் மூச்சு எடுக்கிற இடமெல்லாம் குரல் கொடுத்தது. கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் இழுத்துப் பாட்டைப் படிக்க, மற்றவர் பொருளை எடுத்துக் கொடுப்பாரே, அந்தச் சுகம். ஒரு சொல்லும் விளங்காமலே எனக்கு மயிர் கூச்செறிந்தது. பேசி முடித்துக் கதிரையில் இருக்கும்போது அவர் மகளின் தோளில் கையை வைத்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மகள் கையில் இருந்த கடதாசியில் என் வசனம் இருந்தது. நாங்கள் அவையளைப் போல இல்லை. மோதகம் தின்னுகிற போதகர் கறுப்பு என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் என் தலைக்குள் அவர் ஓர் அறையிலும் ‘அவையள்’ இன்னோர் அறையிலும் இருந்தார்கள். நடுவில் ஒரு கதவும் இருக்கவில்லை.

“பிள்ளை, அதைச் சொல்லாதை! சொல்லாதையடி!” என்று ரெலிபோனைப் பார்த்துக் கத்தினேன். ரீச்சர் என் தோளைப் பிடித்தார். “அவைக்குக் கேக்காதக்கா, எங்கடை சத்தத்தை நிப்பாட்டி வைச்சிருக்கினம்.” நான் விடவில்லை. கத்தக் கத்த எங்கள் கோழிகள்தான் வெருண்டு ஓடின.

மகள் கடதாசியைப் பார்த்து வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். திடீரென்று ஓரிடத்தில் நின்றாள். ரீச்சர், “‘எங்கடை குடும்பங்கள் மற்றவையைப் போல’ எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறாள்” என்றார். மகள் பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். கடதாசியை நாலாக மடித்தாள். பிறகு இரண்டு மூன்று வசனம் மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

“‘நாலு வருசம் இவவின்ரை மண்டபத்திலை கும்பிட்டம். நாங்கள் ஆர், எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு இவ ஒரு நாளும் கேக்கேல்லை. நீங்களும் அப்பிடி இருக்கவேணும்.’ அவ்வளவுதான் அக்கா.”

சபை முடிவைச் சொல்லாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தது. மகள் வெளியே வந்து ரெலிபோனை எடுத்தாள். கண் சிவந்திருந்தது.

“அம்மா, உங்கடை வசனத்தை நான் முழுக்கச் சொல்லேல்லை.”

“உன்ரை வாயை அந்தப் பிள்ளையார்தான் கட்டினவர். அந்தப் போதகரம்மா என்ன சொன்னவ?”

“கடதாசியிலை மிச்சம் என்ன இருந்தது எண்டு கேட்டா. மறைக்க மனம் வரேல்லை, சொல்லிப்போட்டன். அந்த மிச்சத்தைச் சின்ன வயசிலையிருந்தே தான் கேட்டுக்கொண்டு வாறதாச் சொன்னா.”

“அவவிட்டைக் குடு ரெலிபோனை. அது நான் சொல்லித் தந்த வசனம் எண்டு சொல்லு.”

“ஐயோ, வேண்டாம் அம்மா.”

“சொல்லு பிள்ளை.”

சொன்னாள். போதகரின் முகம் ரெலிபோன் முழுக்க வந்தது. கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டார். மகள் தமிழில் சொன்னாள். “உங்களுக்கு அதை ஆர் சொல்லித் தந்தது எண்டு கேக்கிறா.”

இத்தனை வயதுக்கு என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. என்னைப் பெற்ற அப்பு, எங்கள் ஊர்க் கோயில் வாசலில் திருவிழாக் காலத்தில் நிற்பார். சாதி குறைவென்று ஒதுக்கி வைத்த சனம் வந்தால் கும்பிட்டு, “உள்ளுக்கை சரியான நெருக்கம், வெளியிலை நிண்டு கும்பிடுங்கோ” என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். உள்ளே இடம் இருக்கும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சனத்தில் என் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதை அப்படியே சொன்னேன். மகளுக்கும் அது புதிது. அவள் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொல்ல, போதகர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.