அண்ணனிடம் சொல்லாத ஆபரேஷன்

என் அண்ணனுக்குப் பிழைக்க ஒரு வழி இருந்தது. அதை அவரிடம் சொல்லாமல் மறைத்தவன் நான்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பகுதியில் சாலை மறியல் நடந்த வருடம் அது. நான் கள்ளக்குறிச்சியில் விலங்கியல் ஆசிரியர். அண்ணன் கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி பயிரிட்டு வந்தார். அதற்கு முந்தைய வருடம் அவருடைய குடலிலிருந்து புற்றுநோய்க் கட்டியை எடுத்திருந்தார்கள். அவரிடம் 'புண்' என்று மட்டும் சொல்லியிருந்தோம். நோயின் பெயரைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வீட்டில் படித்தவன் எவனோ, அவன் முடிவெடுப்பான். எங்கள் வீட்டில் அது நான்.

மறுபரிசோதனைக்குச் சென்னை போனபோது கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். அந்தப் பகுதியை வெட்டி எடுக்கலாம், ஆபத்து அதிகம், ஆனால் சிலர் பல வருடம் இருக்கிறார்கள், சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் அண்ணன் காத்திருந்தார்.

"இன்னாடா சொன்னாரு?"

"புண்ணு இன்னும் ஆறலயாம்ண்ணா. மாத்திர குடுத்திருக்காரு."

"அதுக்கா இப்டி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்ற? உங்கிட்ட ஃபெயிலான பையன் மாதிரி!" என்று சிரித்தார்.

கல்லீரலுக்குப் போய்விட்டால் அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுபடியும் வயிற்றைக் கிழித்து, ஆபரேஷன் மேசையிலேயே அவரைப் பறிகொடுத்துவிட்டால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் இருந்தது. ஊர் திரும்பிய சில நாட்களில் மறியல் தொடங்கியது. சாலையெங்கும் மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் கிடந்தன. பஸ் இல்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

மரங்களை அகற்றிய பிறகு ஒரு காலையில் அண்ணன் சலவைச் சட்டையோடு வந்து நின்றார்.

"சங்கராபுரத்துல பஸ்சு வுட்டுட்டானாம்டா. வலி ஜாஸ்தியாகினு போவுது. மெட்ராசுக்குப் போயி காட்டிக்கினு வந்துடலாமா?"

"அந்தப் பக்கம் இன்னும் வழி சரியில்லண்ணா. அடுத்த மாசம் பாக்கலாம்."

நம்பினார். நான் சொன்னால் எதையும் நம்புவார். அடுத்த மாதம் கண்கள் மஞ்சளாயின. பொங்கலுக்கு அவர் இல்லை.

அப்போது சிறுமியாக இருந்த அவர் மகளுக்கு, பல வருடங்கள் கழித்து அதே நோய் வந்தது. அவளுக்கும் கல்லீரலில் கட்டி. இந்த முறை எதையும் மறைக்கவில்லை. பெயரையும் சொன்னேன், ஆபத்தையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன். வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் திரும்ப வந்தது. மறுபடியும் வெட்டினார்கள். அந்த இரண்டாவது முறை, படுக்கையில் இருந்தபடியே கேட்டாள்.

"எங்கப்பாவுக்கும் இத செஞ்சிருக்கலாமா சித்தப்பா?"

"செஞ்சிருக்கலாம்மா. டாக்டரு சொன்னாரு. நாந்தான் அவருகிட்ட சொல்லல."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க வூட்டுக்குப் போங்க. எங்க வூட்டுக்காரரு வந்து பாத்துக்குவாரு."

அதன் பிறகு பரிசோதனைக்கு என்னைக் கூப்பிட்டதில்லை. முடிவு வந்ததும் போனில், "ஒண்ணுமில்லயாம்" என்பாள். வைத்துவிடுவாள். ஏழெட்டு வருடமாக இப்படித்தான்.

அந்தக் காலத்து ஆபரேஷனில் அண்ணன் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்டிருந்தால் அவர் துணிந்திருப்பார். அவள் போன் வரும் ஒவ்வொரு முறையும் மனம் குளிர்கிறது. உடனே, இவளுக்குக் கிடைத்ததுபோல் ஒரு வருடத்தையாவது அண்ணனைக் கேட்காமலேயே அவரிடமிருந்து பறித்துக்கொண்டேனே என்று அதே மனம் உடைந்தும் போகிறது.