சபாபதி சார் யாருக்கும் கொடுக்காத முகவரிகள்

சபாபதி சார் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் திண்டிவனத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர். "அக்கா, சாரோட நல்ல போட்டோ உங்ககிட்ட இருக்கும்னாங்க. ஜல்தியா அனுப்புங்க" என்றார் போனில். எதற்கு என்று கேட்டேன். "தெரியாதா? காலையில தவறிட்டாரு. மனிதநேயச் செம்மல்னு போடச் சொல்லியிருக்காங்க. செம்மலுக்கு எந்த 'ல்' வரும்?"

எந்த 'ல்' என்று சொன்னேன். என்னிடம் இருந்த ஒரே படத்தையும் அனுப்பினேன். அதில் அவர் பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். ஃபிளெக்ஸில் என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். சார் உயிரோடு இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

இப்போது நினைவு மலருக்கு எழுதச் சொல்கிறார்கள். பதினெட்டு வருஷம் கூட இருந்தவள் என்பதால் என் கட்டுரை முதலில் வருமாம். "நல்லதா நாலு விஷயம் எழுதுங்க, பிலோமினா" என்றார் மலர்க் குழுவில் ஒருவர். ஒரு வாரம் தேடினேன். நாலு கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு இதில் பாதி தெரியும். தெரிந்தும் மேடையில் சால்வை போர்த்தினீர்கள்.

1993இல் டைப்பிங் முடித்துவிட்டு, அனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு உதவும் மையம் என்று வாசலில் பலகை இருந்தது. மரக்காணம் கடலோரத்திலிருந்து வளைகுடாப் படகுகளுக்குப் போன மீனவர்களின் மனைவிகளும் கொத்து வேலைக்குப் போனவர்களின் தாய்மார்களும் வருவார்கள். மனு எழுதுவது, தூதரகத்துக்குக் கடிதம் போடுவது எல்லாம் என் வேலை. கீழே கையெழுத்துப் போடுவது சாரின் வேலை. டீ வந்தால் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் ஜன்னலில் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளர். என் தெருவின் பெயரைக் கேட்ட முதல் நாளே அதை வாங்கிவிட்டார். சமத்துவம் பற்றி அவர் பேசிய கூட்டங்களுக்கான அழைப்பிதழ்களையும் நான்தான் டைப் அடித்தேன்.

அவருக்கு வசந்தி என்று ஒரே மகள். கல்லூரி விட்டதும் ஆபீசுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டைப் பழகுவாள். ஒருநாள் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் டம்ளரை எடுத்து டீ ஊற்றிக் குடித்தாள். வேண்டுமென்றேதான். படிப்பு முடிந்த கொஞ்ச நாளில், எங்கள் ஜனத்துப் பையன் ஒருவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். மறுநாள் சார் எங்களைக் கூப்பிட்டு, "எனக்குப் பொண்ணு கெடையாது. யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்க" என்றார். அவள் ஆபீசுக்கு போன் செய்தபோது அவளிடமே அப்படிச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மெயில் வந்தது. சாருக்கு நல்ல காலம். எந்தத் துறைமுகத்தில் யார் உதவுவார்கள், எந்தச் சிறைக்குள் யாரால் போய்வர முடியும் என்ற விவரமெல்லாம் அவருடைய மெயிலுக்குள் இருந்தது. வருகிற மெயிலெல்லாம் ஆபீசின் அந்த ஒரே கம்ப்யூட்டரில் இறங்கித் தங்கும்படி வைத்து, எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்ட் போட்டார். பாண்டிச்சேரியிலிருந்து வேறு ஒரு அமைப்பினர் வந்து ஒரே ஒரு நம்பர் கேட்டார்கள். இல்லை என்று அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "போன் நம்பர் குடுக்கறது பொண்ணு குடுக்கற மாதிரி. யாருக்குன்னு பாத்துத்தான் குடுக்கணும்." இந்த வாக்கியத்தை மலரில் கட்டம் கட்டிப் போடலாம்.

தெரியாத முகவரியிலிருந்து வரும் மெயில்களால் தொந்தரவு என்று, அவையெல்லாம் தனியாக ஒரு போல்டரில் போய் விழும்படி என்னையே செய்யச் சொன்னார். அந்தப் போல்டரை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. "நம்மளத் தெரியாதவன் நமக்கு எதுக்கு?" என்பார்.

எல்லாவற்றையும் சி.டி.யில் ஒரு காப்பி எடுத்து வைக்கலாம் என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, "எதுக்கு, தூக்கிக்கினு போய் வேற எங்கனா சேர்றதுக்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.

2011இல் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது எக்கச்சக்கமாக வந்தது. ஃபேன் கழன்று விழுவதுபோல் சுற்றியது. டியூப் லைட் வெடித்தது. கம்ப்யூட்டர் அணைந்தது, அணைந்ததுதான். சார் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நேத்து நீதான நோண்டிக்கினு இருந்த?" என்றார்.

அப்போது பெஞ்சில் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். கடலோரக் குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் எல்லப்பனிடமிருந்து இரண்டு மாதமாகப் பேச்சில்லை. படகு முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அடித்துவிட்டான் என்று ஊர் திரும்பிய ஒருவர் சொல்லியிருந்தார். அந்தத் துறைமுக ஊரில் மலையாள நர்ஸ் ஒருவர் இருந்தார். முன்பும் இரண்டு பேரை மீட்டுத் தந்தவர். அவர் விவரம் செத்துப்போன பெட்டிக்குள் இருந்தது.

"மெஷின் ரிப்பேரு. அடுத்த வாரம் வாம்மா" என்றார் சார்.

தெய்வானை எழுந்திருக்கவில்லை. "அந்த நர்சம்மா நம்பரு உங்களுக்கு ஞாபகத்துல இல்லீங்களா சார்?" என்று கேட்டாள்.

உலகமே என் விரல்நுனியில் என்று மேடையில் பேசியவர் டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நம்பரும் அவருக்குத் தெரியவில்லை. அவர்மேல் எனக்கிருந்த கடைசித் துளி மரியாதையும் அந்த நிமிஷத்தில் போனது.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பாராட்டு விழாவில் போர்த்திய பொன்னாடை ஒன்றில் சுற்றிக்கொண்டு சாரும் தெய்வானையும் நானும் பஸ் ஏறினோம். விழுப்புரத்தில் பாஷா பாய் என்பவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"சுத்தவே இல்ல. எத்தினி தடவ ஆன் பண்ணிப் பாத்தீங்க?"

"ஒரு இருபது தடவ" என்றார் சார்.

"இருபத்தொண்ணாவது தடவ வந்துடும்னு நெனச்சீங்களா?" என்றார் பாஷா பாய். சாரிடம் இப்படிப் பேசிய ஆளை அன்றுதான் பார்த்தேன். "பேஜாரு புடிச்ச கேசு. மேல இருக்கிற கார்டு எரிஞ்சி போயிருக்கு. இதே மாடல் டிஸ்க் ஒண்ணு கெடைச்சா அதோட கார்ட மாத்திப் பாக்கலாம். வந்தா வரும். காப்பி ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாமே, ஏன் வெக்கல?"

சார் என்னைக் காட்டி, "இவங்கள நம்பி விட்டேன்" என்றார்.

அதே மாடல் டிஸ்க் மூன்றாம் நாள் கிடைத்தது. அன்று சாருக்குத் திண்டிவனத்தில் ஒரு விழா. மைக்கை விடமுடியாமல் என்னையும் தெய்வானையையும் மட்டும் அனுப்பினார். பாஷா பாய் கார்டை மாற்றிப் போட்டதும் டிஸ்க் மெல்ல முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. "எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியாது. வர்றத வாரிக்குவோம்" என்றார். முகவரிப் பட்டியல் வரவே இல்லை. மெயில்கள் மட்டும் வரிசை கலைந்து, தலையும் வாலும் இல்லாமல் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பெயரையும் நம்பரையும் நோட்டில் எழுதினேன். நர்சின் மெயில் கிடைத்ததும் பாஷா பாயே தன் போனை நீட்டினார். நர்ஸ் இரண்டே நாளில் எல்லப்பனைக் கண்டுபிடித்தார். கால் உடைந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். ஒன்றரை மாதத்தில் ஊர் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான்.

அன்று பாஷா பாய் கடையில், சார் வெளிநாட்டில் இருக்கும் நன்கொடையாளர் ஒருவருக்கு எழுதிய மெயில் என் கண்ணில் பட்டது. அவரே ஒற்றை விரலால் தட்டியது. சேரியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து வளர்க்கிறேன், சொந்தப் புத்தி கிடையாது, சொன்னதைச் செய்வாள் என்று என்னைப் பற்றி எழுதியிருந்தார். அதை இரண்டு முறை படித்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தனிப் போல்டர் திறந்தது. குப்பைகளுக்கு நடுவே வசந்தியின் மெயில்கள் நாலு. எதையும் யாரும் திறந்திருக்கவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். பையன் பிறந்திருப்பதாக ஒன்று. அவனுக்கு மூக்கு அப்பாவைப் போலவே இருப்பதாக ஒன்று. சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது விழுப்புரத்தில் வண்டி நிற்கும், பிளாட்பாரத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்று. அந்தத் தேதி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசி மெயிலில், "உங்கள் குரலை மட்டும் கேட்டால் போதும்" என்று எழுதி, நம்பர் கொடுத்திருந்தாள். அது அதற்கு முந்தின மாதம்தான் வந்திருந்தது.

நாலையும் பாஷா பாயிடம் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆபீசில் நோட்டைக் கொடுத்தேன். சார் பக்கங்களைப் புரட்டினார். பிறகு, அவருக்குப் பழக்கமில்லாத ஒரு தணிந்த குரலில், "வேற யாரு மெயிலாவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

யாரை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"வேற ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன்.

கொடுத்தால் கிழித்துத்தான் போடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வருஷமே வேலையை விட்டேன். நோட்டைக் கொடுப்பதற்கு முன்பே இன்னொரு பிரதி எழுதி வைத்திருந்தேன். அதைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தேன். அவரைவிட நான் மேலானவள் என்று அதனால் நம்பிக்கொண்டிருந்தேன். பையில் இருந்த நாலு காகிதத்தை மட்டும் அவர் சாகும்வரை ஐந்து வருஷம் கொடுக்கவில்லை.

சாரை எடுப்பதற்குச் சற்று முன்பு வசந்தி வந்தாள். சொந்தக்காரர்கள் விலகி நின்றார்கள். உயரமாக வளர்ந்த பையனோடு வாசல் கேட் பக்கத்திலேயே நின்றாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "பிலோமினாக்கா, நான் மெயில் போட்டேன். அப்பா படிச்சாரா?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆயிடுச்சு வசந்தி. எல்லாம் போயிடுச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள். பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வசந்தி, உன் அப்பா படிக்கவில்லை. நான் படித்தேன். அவர் ஒருமுறை கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கிழித்துப் போட்டிருப்பாரா, உன்னைக் கூப்பிட்டிருப்பாரா என்று இனி யாருக்கும் தெரியாது. அதை உனக்கும் தெரியாமல் செய்தவள் நான்.

மற்றவர்கள் அவரிடமிருந்து தொண்டு கற்றேன், துணிவு கற்றேன் என்று இந்த மலரில் எழுதுவார்கள். கையில் இருக்கும் நம்பரைக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதை நான் அவரிடமிருந்து கற்றேன். ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அவருக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. மலர்க் குழு இதைப் போடாவிட்டால், இந்தக் கட்டுரையையும் அந்த நாலு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறுவேன். போட்டாலும் ஏறுவேன்.