துரியோதனனுக்கு மாலை போடாத வீடு

நண்பன் முரளியின் ஆவணப்படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. படம் நன்றாக இருந்ததுதான் காரணம். மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தெருக்கூத்துக் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னதே நான். கைதட்டல் அவனுக்கு, வயிற்றெரிச்சல் எனக்கு. படத்தில் ஒரு குறையாவது கிடைக்காதா என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். படம் பார்த்துவிட்டு அங்கே போக நினைப்பவர்களுக்கும் இது உதவட்டும்.

சென்னையிலிருந்து ஆம்பூருக்கு ரயிலில் மூன்று மணி நேரம். அங்கிருந்து பேரணாம்பட்டு பஸ், இருபது ரூபாய். தோல் தொழிற்சாலை வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜன்னலோரம் உட்கார வேண்டாம். இறங்கியதும் ஷேர் ஆட்டோ.

“கூத்து வாத்தியார் வூடா? இப்ப ஜாஸ்தி பேர் வர்றாங்க சார், படம் பாத்துட்டு,” என்றார் டிரைவர். அதுவும் எரிந்தது.

வீட்டுச் சுவரில் இறந்துபோன சேகரின் படம், துரியோதனன் வேஷத்தில். மாலை இல்லை, பொட்டு இல்லை. மகன் போனதை இந்தத் தாய் இன்னும் ஏற்கவில்லை என்று, இந்தச் சுவரைக் காட்டித்தான் முரளி எல்லோரையும் அழவைத்திருந்தான்.

“அப்டிலாம் இல்லப்பா,” என்றார் சேகரின் அம்மா தனம். “வேஷம் கட்டிட்டா அவன் துரியோதனன். அதுக்கு மாலை போட்டா எம்புள்ளைக்கு எப்டிப் போய்ச் சேரும்? பத்தாவதுல எடுத்த போட்டோவுக்குத்தான் படைக்கிறோம். அதுல மீசைகூட இல்ல. மத்த போட்டோலாம் இருந்த அவன் போனும் வண்டியோட நசுங்கிடுச்சு. மாலை ஏன் இல்லன்னு முரளி கேக்கல, நாங்களும் சொல்லல.”

முரளி தப்பு செய்திருக்கிறான்! எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அப்போது சேகரின் அப்பா, கூத்து வாத்தியார், கேட்டார்: “நாலு வருஷம் முன்ன, வேஷம் கலைச்சதும் அவனை நீங்க போட்டோ புடிச்சீங்களே சார், இருக்குதா?”

இருந்தது. முரளி அதைக் கேட்டபோது ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பொய் சொல்லியிருந்தேன். என்றாவது நான் எடுக்கப்போகும் படத்துக்கு வேண்டுமே என்ற எண்ணம். வெட்கத்தோடு போனைத் திறந்து நீட்டினேன். தேங்காய் எண்ணெயில் அரிதாரத்தைத் துடைத்த முகம், மீசையோடு சிரித்தது.

போகிறவர்கள், எடுத்த போட்டோவை அன்றே கொடுத்துவிட்டு வாருங்கள். பேரணாம்பட்டு பஸ் நிலையம் பக்கத்து ஸ்டூடியோவில் பிரேமோடு முந்நூற்றைம்பது ரூபாய், அரை மணி நேரம்.

தனம்மா பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முரளிக்கும் அனுப்பிடுப்பா. பாவம், இப்டி ஒரு போட்டோ கிடைக்குமான்னு ஆம்பூர், வாணியம்பாடின்னு ஸ்டூடியோ ஸ்டூடியோவா அலைஞ்சான்,” என்றார்.

அங்கேயே அனுப்பினேன். “ரொம்ப நன்றிடா” என்று உடனே பதில் வந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதிலும் என்னை ஜெயித்துவிட்டான்.